கதிர்வீச்சு: எதற்கு அஞ்சுவது, எதுவரை அஞ்சுவது?

நமது புறநோயாளிகள் பிரிவில் ‘கதிர்வீச்சு’ என்ற சொல்லைப் போல் முகங்களை மாற்றிவிடும் சொல் வேறொன்றைக் காண்பது அரிது. சர்க்கரை நோய் என்றால் நோயாளி பெருமூச்சு விடுகிறார். இரத்தக் கொதிப்பு என்றால் தலையசைத்துக் கேட்டுக்கொள்கிறார். ‘கதிர்வீச்சு மருந்து’ என்று சொன்னவுடனோ உடன் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அதன்பிறகு நான் சொல்வது எதுவும் அவர்கள் காதில் விழுவதில்லை.

நான் கண்ட மூன்று குடும்பங்களின் நிலையை, அடையாளங்களை மாற்றி, இங்கே சொல்கிறேன். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்ததால் மெலிந்து, படபடப்பில் தவித்த ஒரு பெண்மணிக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டது. ‘அணுகுண்டில் இருப்பதை வயிற்றுக்குள் போடுவதா?’ என்று உறவினர்கள் தடுத்துவிட்டனர். ஓராண்டுக்குமேல் கழித்து அவர் திரும்பி வந்தபோது இதயத்துடிப்பு ஒழுங்கு தவறியிருந்தது. இரண்டாமவர் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர். அவருக்குப் பின்கட்டில் தனி அறை, தனித் தட்டு, தனிப் பாய். பேரக்குழந்தை அவர் மடிக்கு வரக்கூடாது என்பது வீட்டின் கட்டளை. பல மாதங்கள் அவர் அப்படியே வாழ்ந்தார். அந்த ஒதுக்கத்தில் ஒரு நாளுக்குக்கூட மருத்துவக் காரணம் இல்லை. மூன்றாமவர் தைராய்டு புற்றுநோய்க்காகக் கதிரியக்க அயோடின் உட்கொண்டு வந்தவர். உடலில் எந்த மாற்றமும் தெரியாததால், வீடு திரும்பிய இரவே மூன்று வயது மகளை அருகில் படுக்கவைத்துக்கொண்டார். அங்கேதான் உண்மையில் விலகல் தேவைப்பட்டது.

ஒருவர் தேவையான சிகிச்சைக்கு அஞ்சினார். ஒரு குடும்பம் தீங்கற்ற தாய்க்கு அஞ்சியது. ஒருவர் கவனம் வேண்டிய இடத்தில் கவலையற்றிருந்தார். இவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கதிர்வீச்சு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல வேறு பொருள்கள் இருப்பதை அவர்களுக்குப் பிரித்துச் சொல்ல யாரும் நேரம் ஒதுக்கவில்லை என்பதே உண்மை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சுக்கு வகை உண்டு, அளவு உண்டு, காலக்கெடு உண்டு. இம்மூன்றையும் நோயாளியின் கையில் எழுத்தாகத் தருவது மருத்துவமனையின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது குடும்பத்தின் உரிமை. காலக்கெடு முடிந்த பின்னும் தொடரும் ஒதுக்கம் பாதுகாப்பு ஆகாது. அது நோயாளிக்கு நாம் இழைக்கும் தீங்கே ஆகும்.

சிவகளை நெல்மணிகள் சொல்லும் பாடம்

கதிரியக்கம் நம் மண்ணுக்கு அந்நியமானது என்று எண்ணுவோருக்கு, ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகேயுள்ள சிவகளையைக் காட்ட விரும்புகிறேன். அங்கே அகழாய்வில் வெளிப்பட்ட முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்மணிகள், அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றின் காலம் கி.மு. 1155 என்ற முடிவை 2021 செப்டம்பர் 9 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, பொருநைக் கரை நாகரிகம் ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை உடையது என்று நாமெல்லாம் பெருமை கொண்டோம். அந்தக் காலக் கணக்கு எதைக்கொண்டு செய்யப்பட்டது? கதிரியக்கச் சிதைவைக்கொண்டுதான்.

விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் கார்பன்-14 என்ற அணுவை இடைவிடாமல் உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு அதுவும் நெற்பயிருக்குள் செல்கிறது. பயிர் உயிரோடு இருக்கும்வரை அதன் உடலில் கார்பன்-14 புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அறுவடையோடு அந்த வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. கார்பன்-14இன் அணுக்கரு நிலையற்றது. அதனுள் இருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, ஓர் எலக்ட்ரான் வெளியே வீசப்படுகிறது. எஞ்சுவது நிலையான நைட்ரஜன். இந்த மாற்றத்தையே கதிரியக்கச் சிதைவு என்கிறோம். வெளியே வீசப்படுவதே கதிர்வீச்சு.

குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல இயலாது. அது அடுத்த நொடியிலும் சிதையலாம். பத்தாயிரம் ஆண்டு காத்தும் இருக்கலாம். ஆனால் கோடிக்கணக்கான அணுக்களின் கூட்டத்தில் பாதி எவ்வளவு காலத்தில் சிதையும் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். அந்தக் காலமே அரை ஆயுட்காலம். கார்பன்-14க்கு அது 5,730 ஆண்டுகள். சிவகளை நெல்மணிகளில் தொடக்கத்தில் இருந்த கார்பன்-14இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எஞ்சியிருந்தது. அந்த மிச்சம்தான் ஆண்டைச் சொன்னது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரி 23 அன்று வெளியிட்ட இரும்பின் தொன்மை குறித்த ஆய்வறிக்கையில், அதே சிவகளையின் கரித்துண்டு ஒன்றுக்குக் கி.மு. 3345 என்ற காலம் தரப்பட்டுள்ளது. அது ஏறக்குறைய ஓர் அரை ஆயுட்காலத்தைக் கடந்துவிட்ட கரித்துண்டு. அதில் கார்பன்-14 பாதியளவே மிஞ்சியிருக்கும்.

இதில் நோயாளிகள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தத் தாழி மண்ணுக்குள் இருந்த 3,000 ஆண்டுகளில் தாமிரபரணி எத்தனையோ வெள்ளங்களைக் கண்டது; எத்தனையோ கோடைகள் வந்து போயின. சூடோ, குளிரோ, ஈரமோ, காலத்தின் வேறெந்த மாற்றமோ கார்பன்-14இன் சிதைவு வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சிதைவின் விதி அத்தனை உறுதியானது. 3,000 ஆண்டுகளுக்கு அந்த விதியை நம்பிப் பெருமை கொள்ளும் நாம், 8 நாள் அரை ஆயுட்காலம் கொண்ட ஒரு மருந்தின் விஷயத்தில் அதே விதியை நம்ப மறுக்கிறோம். பல மாதங்கள் ஆன பின்னும் ‘இன்னும் உடம்பில் இருக்குமோ’ என்று தாயைத் தள்ளிவைக்கும் வீட்டாரிடம் நான் சொல்வது இதைத்தான்: கணக்கு ஒன்றே, தாழிக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று என்று இயற்கை இரண்டு கணக்கு வைத்திருக்கவில்லை.

மூன்று கதிர்கள், மூன்று குணங்கள்

1896இல் பிரெஞ்சு அறிஞர் ஹென்றி பெக்கெரல் யுரேனிய உப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வெளிப்படுவதைக் கண்டறிந்தார். 1899இல் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு அதை ஊடுருவும் திறனைக்கொண்டு பிரித்து, ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே பால் வில்லார்டு இன்னும் ஆழமாக ஊடுருவும் கதிரைக் கண்டார். அது பின்னர் காமா எனப் பெயர் பெற்றது. இந்த மூன்றின் குணவேறுபாட்டை அறிந்துகொண்டால் நம் அச்சத்தில் பாதி தானே விலகிவிடும்.

ஆல்ஃபா என்பது ஹீலியம் அணுவின் கரு, கனமானது. ஒரு தாள் அதைத் தடுத்துவிடும். நம் தோலின் மேற்புறமே போதும். ஆனால் மூச்சு வழியாகவோ உணவு வழியாகவோ உடலுக்குள் சென்று தங்கினால், மிகக் குறுகிய தொலைவுக்குள் தன் ஆற்றல் முழுவதையும் இறக்கிவிடுவதால் அருகிலுள்ள செல்களைக் கடுமையாகத் தாக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் தோரியம் இருக்கிறது. தோரியம் ஆல்ஃபாக் கதிர் வீசுவது.

பீட்டா என்பது வேகமாக வீசப்படும் எலக்ட்ரான். சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு அதைத் தடுக்கும். சிவகளை நெல்மணியின் கார்பன்-14 வீசுவது இதைத்தான். தைராய்டு சிகிச்சைக்குத் தரும் அயோடின்-131இன் வேலையைச் செய்வதும் இதுவே. உடற்திசுவுக்குள் அது அதிகம் போனால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தொலைவுதான் செல்லும். ஆகவே சுரப்பிக்குள் நுழைந்த மருந்து பெரும்பாலும் சுரப்பியை மட்டுமே தாக்குகிறது. கத்தியின்றி நடக்கும் அறுவை என்று இதைச் சொல்லலாம்.

காமா என்பது பொருள்துகள் அன்று. ஒளியின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் ஆற்றல் மிகுந்த அலை. அது உடலை ஊடுருவி வெளியே வரும். அதைக் குறைக்கக் காரீயமோ தடித்த கான்கிரீட் சுவரோ வேண்டும். ஸ்கேன் எடுக்கும்போது உடலுக்குள் இருக்கும் மருந்து எங்கே சேர்ந்திருக்கிறது என்று வெளியேயுள்ள கருவி கண்டுகொள்வது இந்தக் காமாவைக்கொண்டே. வீட்டிலுள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டியதும் இதன் பொருட்டே. இதற்கு எளிய காப்பு தூரம். நோயாளியிடமிருந்து ஒரு மீட்டர் தொலைவில் இருப்பவர், இரண்டு மீட்டருக்கு விலகினால், அவர்மீது படும் அளவு நான்கில் ஒரு பங்களவாகக் குறைந்துவிடும். மூன்று மீட்டர் என்றால் ஒன்பதில் ஒரு பங்களவு.

எக்ஸ்ரேயும் காமாவும் ஒரே இனம், பிறப்பிடம் வேறு. காமா அணுக்கருவிலிருந்து வருவது. எக்ஸ்ரே மின்சாரத்தால் இயங்கும் கருவியில் உண்டாக்கப்படுவது. சி.டி. ஸ்கேனிலும் எக்ஸ்ரேயே பயன்படுகிறது. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இவை எதுவும் இல்லை. ஆகவே ‘ஸ்கேன்’ என்ற பெயர் ஒன்றாக இருப்பதாலேயே எல்லா ஸ்கேனுக்கும் ஒருபடித்தாக அஞ்சவேண்டியதில்லை.

‘கரண்ட்’ வைத்தவரிடமிருந்து கதிர் வருவதில்லை

புற்றுநோய்க்கு வெளியிலிருந்து தரும் கதிர் சிகிச்சையை நம் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்கிறார்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள், எனக்கு அந்தப் பெயர் பிழையாகத் தோன்றவில்லை. லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்னும் கருவி மின்சாரத்தால் இயங்குவது. விசையை நிறுத்தியதும் விளக்கு அணைவதுபோல் கதிரும் நின்றுவிடுகிறது. கோபால்ட்-60 கருவியில் கதிரியக்கப் பொருள் உண்டு. ஆனால் அது கருவியின் தடித்த உறைக்குள்ளேயே இருக்கிறது, நோயாளியின் உடலுக்குள் வருவதில்லை. இரு வகையிலும், சிகிச்சை அறையை விட்டு வெளியே வரும் நோயாளி எந்தக் கதிரையும் சுமந்து வருவதில்லை. களத்தில் வெயில் காய்ந்த நெல், குதிருக்குள் போனபின் வெயிலை வீசுவதில்லை அல்லவா?

ஆகவே இவ்வகைச் சிகிச்சை பெற்றவரோடு ஒரே தட்டில் உண்ணலாம். ஒரே பாயில் உறங்கலாம். குழந்தையை அவர் மடியில் கொடுக்கலாம். கருவுற்ற மகள் அவரைக் கட்டிக்கொள்ளலாம். சிகிச்சை நடக்கும் நாட்களில்கூட இதற்குத் தடையில்லை. அவருடைய தோல் கருத்திருக்கும், உடல் சோர்ந்திருக்கும், வாய் உலர்ந்திருக்கும். அவை சிகிச்சையின் விளைவுகள். தொற்றும் தன்மை உடையவை அல்ல. அந்த நாட்களில் அவருக்கு வேண்டியது பின்கட்டு அறை அன்று. அருகில் அமர்ந்து பேசும் ஒருவர்.

உடலுக்குள்ளேயே கதிரியக்கக் கம்பிகளையோ மணிகளையோ வைத்துச் செய்யும் சிகிச்சையும் உண்டு. பெரும்பாலானவற்றில் சிகிச்சை முடிந்ததும் அவற்றை எடுத்துவிடுவார்கள். நிரந்தரமாக வைக்கும் வகையாயின் மருத்துவர் தனி அறிவுரை தருவார். அதைக் கேட்டுப் பெறவேண்டும்.

உப்பில் இருக்கும் அயோடினும் மருந்தில் இருக்கும் அயோடினும்

மருந்தாகவே உடலுக்குள் செலுத்தப்படும் கதிரியக்கப் பொருளின் நிலை வேறு. இங்கே குடும்பத்துக்குச் சில கடமைகள் உண்டு. அவற்றுக்கு ஒரு முடிவும் உண்டு.

நாம் உண்ணும் தூத்துக்குடி உப்பில் அயோடின் சேர்க்கப்படுகிறது. அது நிலையான அயோடின்; கதிர் வீசாது. தைராய்டு சுரப்பி இரத்தத்திலிருந்து அயோடினைப் பற்றி இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. உப்பிலிருந்து வந்ததா, மருந்திலிருந்து வந்ததா என்று பிரித்தறியும் திறன் அதற்கு இல்லை. அந்த இயல்பே இந்தச் சிகிச்சையின் அடிப்படை. உடலில் எங்கோ ஓரிடத்தில் தைராய்டு செல் ஒளிந்திருந்தாலும் அயோடின்-131 தேடிச் சென்று சேரும். இதனால்தான் சிகிச்சைக்கு முன் ஒன்று இரண்டு வாரங்கள் அயோடின் கலந்த உப்பையும் கடல்மீனையும் கருவாட்டையும் தவிர்க்கச் சொல்கிறோம். சுரப்பி பசியோடு இருந்தால்தான் மருந்தை நன்றாக ஏற்கும். ‘உப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று அலட்சியம் செய்பவர்கள் சிகிச்சையின் பயனையே குறைத்துக்கொள்கிறார்கள்.

அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் 8 நாட்கள். சிதைவை மட்டும் கணக்கிட்டால், 8 நாளில் பாதி, 16 நாளில் கால், 24 நாளில் அரைக்கால், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உண்மையில் உடலிலிருந்து அது இதைவிட விரைவாகவே வெளியேறுகிறது. சுரப்பி பற்றிக்கொள்ளாத மருந்தின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே சிறுநீரில் போய்விடும். நீர் நிறையக் குடிக்கச் சொல்வது அதற்காகவே. சிதைவின் வேகத்தை எந்தக் கஷாயமும் மாற்றாது. ஆனால் வெளியேறும் வேகத்தை ஒரு குவளைத் தண்ணீர் கூட்டும்.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, 30 மில்லிகியூரிக்கு மேல் அயோடின்-131 பெறுபவர்கள் அதற்கென அமைந்த தனி அறையில் தங்கவேண்டும். உடலிலிருந்து வரும் கதிரின் அளவு கருவியால் அளக்கப்பட்டு, வரையறைக்குக் கீழே வந்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். அதன்பின் மருத்துவர் சொல்லும் நாட்கள்வரை தனியாக உறங்குதல், குழந்தைகளையும் கருவுற்றவர்களையும் நெருங்காதிருத்தல், கழிப்பறையில் அமர்ந்தே சிறுநீர் கழித்து இருமுறை நீர் ஊற்றுதல், கைகளை நன்கு கழுவுதல், தட்டையும் துணியையும் தனியே கழுவுதல் ஆகியவை போதும். பேருந்தில் ஊர் திரும்பும்போது குழந்தையின் அருகிலோ கருவுற்ற பெண்ணின் அருகிலோ நெடுநேரம் அமராதிருக்கவேண்டும். கருவுற்றிருக்கும்போது இந்த மருந்தைத் தரவே கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு, அந்தக் குழந்தைக்கு மீண்டும் கொடுக்காதிருக்கவேண்டும். சிகிச்சைக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடவேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கமாட்டேன். மிகைத் தைராய்டுக்கு இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் பலருக்குப் பின்னாளில் சுரப்பி மந்தமாகிவிடும். வாழ்நாள் முழுவதும் காலையில் ஒரு மாத்திரை உட்கொள்ள நேரும். அதை முன்கூட்டியே அறிந்து ஒப்புக்கொள்வதே முறை. எனினும் கட்டுப்படாத தைராய்டு இதயத்துக்குச் செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் அந்த மாத்திரை சிறிய விலை.

ஸ்கேனுக்காகத் தரும் பொருள்களின் ஆயுள் இன்னும் குறுகியது. எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் என்பதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். இன்று காலை ஊசி போட்டால் நாளைக் காலைக்குள் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிறுநீரில் போனது போக அதுவும் குறையும். பெட் ஸ்கேனுக்கான ஃப்ளூரின்-18க்கு 110 நிமிடம். 12 மணி நேரத்தில் நூற்றில் ஒரு பங்களவே எஞ்சும். ஸ்கேன் எடுத்த மறுநாள் பேரனைத் தூக்கிக் கொஞ்சத் தயங்கும் தாத்தா, கணக்கின்படி வீணாகவே தயங்குகிறார்.

அச்சம் நியாயமாகும் இடங்கள்

இவ்வளவும் சொன்னதால், கதிர்வீச்சுக்கு அஞ்சவே வேண்டாம் என்று நான் கூறுவதாக எண்ணவேண்டாம். 2010இல் தில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் நடந்ததை நினைவுகூர வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த ஒரு காமாக் கதிர்க் கருவி ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதனுள் கோபால்ட்-60 இருந்தது. உடைத்துப் பிரித்தவர்களும் அருகில் இருந்தவர்களும் பாதிக்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட 25 ஆண்டுகளில் அது ஏறத்தாழ இருபத்தேழில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அந்த மிச்சமே உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது. காலம் மட்டுமே காப்பு ஆகாது. தொடக்க அளவு எவ்வளவு என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ்போன்ற கதிர்வீச்சுச் சின்னம் பொறித்த எந்தப் பெட்டியையும் பொருளையும் யாரும் தொடக்கூடாது, காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும்.

மறுபுறம், நாம் அறியாமலே சிறு அளவுகளோடு வாழ்ந்துகொண்டும் இருக்கிறோம். மண், காற்று, விண்வெளி, உணவு ஆகியவற்றிலிருந்து ஒருவர் ஆண்டுதோறும் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். நம் ஆற்றுப்பாசனத்தில் விளையும் வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு கதிரியக்கம் உடையது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் பொட்டாசியம்-40, கார்பன்-14 இரண்டும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 7,000 சிதைவுகளை நிகழ்த்துகின்றன. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் தோரிய மணலால் இயற்கைக் கதிர்வீச்சு பல மடங்கு மிகுதி. அங்கே வாழும் ஏறத்தாழ 70 ஆயிரம் பேரைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை. சிறு அளவு முற்றிலும் தீங்கற்றது என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது. தீங்கு இருந்தாலும் அது மிகச் சிறியது என்று கொள்ளலாம்.

எனவே மருத்துவத்தில் எங்கள் நெறி ‘பயன் இருந்தால் தருக, தேவையான அளவே தருக’ என்பது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் 0.1 மில்லிசீவர்ட்டோ அதற்கும் குறைவோ கிடைக்கும், வயிற்று சி.டி. ஸ்கேனில் ஏறத்தாழ 10 மில்லிசீவர்ட் வரை கிடைக்கலாம். நூறு எக்ஸ்ரேக்கு ஈடான ஒன்றை, தலைவலித்தது, வயிறு உப்பியது என்று நோயாளியே கேட்டு எடுத்துக்கொள்வதும், பழைய படம் கையில் இருக்க வேறொரு மருத்துவமனை மீண்டும் எடுப்பதும் சரியல்ல. கதிரியக்க அயோடினுக்கு நடுங்கும் அதே குடும்பம், தேவையற்ற சி.டி. ஸ்கேனைக் ‘நல்ல ஸ்கேனாக எழுதுங்கள்’ என்று வற்புறுத்துவதையும் நான் பார்க்கிறேன். குறிப்பாகக் குழந்தைகளுக்கு எடுக்கும் முன், ‘இது அவசியமா, அல்ட்ராசவுண்டு போதாதா?’ என்று நீங்கள் கேட்கவேண்டும். அந்தக் கேள்வியால் நல்ல மருத்துவர் யாரும் கோபம் கொள்ளமாட்டார்.

இங்கே கூடங்குளத்தைப் பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை. 2011 முதல் இடிந்தகரையில் நடந்த போராட்டத்தைக் கண்ட மாவட்டங்கள் நம்முடையவை; அந்த அச்சத்தின் நிழல் என் மேசைவரை நீள்கிறது. அணு உலை வேண்டுமா, அதன் காப்பு போதுமா என்பன குடிமக்கள் கேட்கவேண்டிய, அரசு விடை சொல்லவேண்டிய கேள்விகள். ஆனால் அந்தக் கேள்விக்கான விடையை ஒரு பெண்ணின் தைராய்டின்மேல் ஏற்றக்கூடாது. உலையைப் பற்றி எந்தக் கருத்து உடையவராயினும், உங்கள் தாயின் சிகிச்சையை அதன் பயனும் தீங்கும் கொண்டே நிறுத்துப்பாருங்கள்.

எழுதித் தருக, கேட்டுப் பெறுக

ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் கதிர் சிகிச்சைக்குச் செல்பவர்கள் பெருநகர மருத்துவமனைகளுக்கே செல்லவேண்டியிருக்கிறது. அங்கே வெளியேறும் நேரத்தில் களைப்போடு நிற்கும் நோயாளியிடம் வாய்மொழியாகச் சொல்லப்படும் அறிவுரை, பேருந்து ஊர் வந்து சேர்வதற்குள் பாதி மறந்துவிடும். மீதிப் பாதி அக்கம்பக்கத்தார் கூற்றால் நிரப்பப்படும். ‘கொஞ்ச நாள் தள்ளி இருங்கள்’ என்பது மருத்துவ அறிவுரை ஆகாது. கொஞ்ச நாள் என்பது ஒரு வீட்டில் மூன்று நாளாகிறது. மற்றொரு வீட்டில் மூன்று வருடமாகிறது.

ஆகவே சிகிச்சை தரும் ஒவ்வொரு மருத்துவமனையும் தமிழில் ஓர் அட்டை தரவேண்டும் என்பது என் கோரிக்கை. அதில் ஐந்து செய்திகள் போதும். தரப்பட்டது கருவிவழிக் கதிரா, உடலுக்குள் செலுத்திய மருந்தா; மருந்தாயின் அதன் பெயரும் அரை ஆயுட்காலமும்; தரப்பட்ட அளவும் நாளும் நேரமும்; குழந்தைகள், கருவுற்றவர்கள், வாழ்க்கைத்துணை ஆகிய ஒவ்வொருவரிடமிருந்தும் எந்தத் தேதிவரை விலகியிருக்கவேண்டும்; ஐயம் எழுந்தால் அழைக்கவேண்டிய எண். கருவிவழிக் கதிராயின், ‘விலகல் தேவையில்லை’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தரவேண்டும். அந்த ஒரு வரி பல தாய்மார்களைப் பின்கட்டிலிருந்து கூடத்துக்கு அழைத்துவரும்.

அந்த அட்டை உங்களுக்குத் தரப்படவில்லையானால், கேளுங்கள். கேட்டும் கிடைக்கவில்லையானால், மருத்துவமனையை விட்டு வெளியேறும்போது தரும் சுருக்கத்தாளை எடுத்துக்கொண்டு நம் மருத்துவமனைக்கு வாருங்கள். அதைப் பார்த்துக் கணக்கிட்டுத் தேதி எழுதித் தருவது எங்களால் இயலும். சிகிச்சையை ஏற்பதா என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள், முடிவுக்கு முன்பே வந்து பேசுங்கள். வீட்டில் எதிர்ப்பவர் யாரோ, அவரையும் உடன் அழைத்துவாருங்கள்.

விலகியிருக்கவேண்டிய நாட்களில் ஒழுங்காக விலகியிருங்கள். அந்தத் தேதி வந்த அன்று, தயக்கமின்றி அருகில் செல்லுங்கள். பாட்டியின் மடியில் பேரக்குழந்தையை நீங்களே கொண்டுபோய் உட்காரவையுங்கள்.